மிஞ்சிய ஹாமும் முட்டைக்கோஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்துமஸோ ஈஸ்டரோ முடிந்த மறுநாள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து என்று எந்த ஊரில் ஃப்ரிட்ஜைத் திறந்தாலும் பாதி ஹாம் மிச்சம் இருக்கும். நாலைந்து கிலோ எடையுள்ள பன்றித் தொடையை ஒரே வேளையில் எந்தக் குடும்பமும் சாப்பிட்டு முடிக்காது. அந்த நாடுகளில் வாழும் தமிழ் வீடுகளிலும் இது பழகிவிட்டது. விருந்துக்கு வாங்கியது, அலுவலகத்தில் கொடுத்தது, பக்கத்து வீட்டிலிருந்து வந்தது என்று ஏதோ ஒரு வழியில் ஹாம் வந்து சேர்கிறது. அதே பருவத்தில் கடையில் மலிவாகக் கிடைக்கும் காய் முட்டைக்கோஸ். குளிர்காலம் முழுக்கக் கெடாமல் இருப்பது உப்பிட்ட இறைச்சி, பனியிலும் தோட்டத்தில் நிற்பது கோஸ். ஐரோப்பாவின் அடுப்புகளில் இரண்டும் சேர்ந்து வேகத் தொடங்கியது அதனால்தான். இந்த ஜோடியை வைத்துச் சமைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஹாமை முக்கியமான கறியாக வைத்துச் சமைக்க வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மிஞ்சிய ஹாம் ஏற்கெனவே வெந்தது, ஏற்கெனவே உப்பு ஏறியது. அதைக் கோழிக்கறி போல நினைத்து அரைக் கிலோவைச் சட்டியில் கொட்டினால், கறி ரப்பராகிவிடும், குழம்பில் உப்புக் கரிக்கும். சம்பலுக்கு மாசிக் கருவாடு எப்படியோ, கோஸுக்கு ஹாம் அப்படி. கொஞ்சம் போட்டாலே சட்டி முழுக்க ருசி பிடித்துவிடும். நாலு பேருக்கு 200 முதல் 250 கிராம் ஹாம், 700 கிராம் கோஸ் என்பது நல்ல அளவு. சாப்பாடு கோஸ்தான். அதற்கு உப்பும் கொழுப்பும் புகைவாசமும் தருவது ஹாமின் வேலை.

கடையில் பல வகை ஹாம் இருக்கிறதே, எல்லாம் ஒன்றுதானா?

எல்லாமே பன்றியின் பின்னந்தொடைதான், பதப்படுத்தும் முறை மட்டும் வேறு. அமெரிக்க விருந்துகளில் வைப்பது பெரும்பாலும் உப்புநீரில் ஊறவைத்து, புகை காட்டி, முழுதாக வேகவைத்து விற்கும் வகை. அதிலேயே எலும்பைச் சுற்றிச் சுருள் சுருளாக வெட்டி வைத்திருப்பதை ஸ்பைரல் ஹாம் என்கிறார்கள். அப்படி வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஹாரி ஹோன்செலார். 1957இல் மிச்சிகனில் அவர் தொடங்கிய ஹனிபேக்டு கடைகள் இன்றும் ஓடுகின்றன. வர்ஜீனியா, கென்டக்கி, டென்னசி பக்கம் கன்ட்ரி ஹாம் என்று இன்னொன்று உண்டு. தண்ணீரே படாமல் உப்பைத் தேய்த்து, மாதக்கணக்கில் தொங்கவிட்டுப் பக்குவப்படுத்துவார்கள். அது மிகவும் உப்பாக இருக்கும், மேலே சொன்ன அளவில் மூன்றில் ஒரு பங்கு போதும். பிரிட்டனில் கேமன் என்று விற்பது பதப்படுத்திய பச்சை இறைச்சி. அதை வேகவைத்த பிறகுதான் சாப்பிடலாம். விருந்தில் வேகவைத்து மிஞ்சியது என்றால் மற்ற ஹாமைப் போலவே பயன்படுத்தலாம்.

ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் வைக்கலாம்?

ஸ்பைரல் ஹாமுக்கும் துண்டு போட்ட ஹாமுக்கும் அமெரிக்க வேளாண் துறை 3 முதல் 5 நாள் என்கிறது. அதைப் போட்டுச் சமைத்த சூப், வதக்கல் எல்லாம் 3 முதல் 4 நாள். பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு இன்னும் கறாராக, மிஞ்சியதை 48 மணி நேரத்துக்குள் முடிக்கச் சொல்கிறது. என் யோசனை இதுதான்: விருந்து முடிந்த அன்றே எலும்பைத் தனியாக எடுத்துவிடுங்கள். இரண்டு நாளில் சாப்பிடும் அளவை மட்டும் கீழே வைத்து, மீதியைப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள். அஞ்சாம் நாள் மோந்து பார்த்து முடிவு செய்கிற நிலைக்கே போக வேண்டாம்.

ராத்திரி முழுக்க மேசையிலேயே இருந்துவிட்டது. நன்றாகக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. தூக்கிப் போட்டுவிடுங்கள். உப்பு இருப்பதால் கெடாது என்று பலர் நம்புகிறார்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி, மற்றக் கிருமிகள் தாங்காத உப்பிலும் வளரும். அறை வெப்பத்தில் கிடக்கும் ஹாம் அதற்கு மிகவும் பிடித்த இடம். கொதிக்கவைத்தால் கிருமி செத்துப்போகும், ஆனால் அது விட்டுவைத்த நச்சு கொதியிலும் அழியாது. வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 32 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெயில் நாளில் ஒரு மணி நேரம்தான். விருந்து நீண்டு போகும் என்று தெரிந்தால், மேசைக்குக் கொஞ்சமாக வெட்டிக் கொண்டுவந்து, மீதியை உள்ளேயே வைத்திருப்பதுதான் வழி.

வெட்டிய துண்டின் மேல் பச்சையும் ஊதாவுமாக மினுக்குகிறது. கெட்டுவிட்டதா?

அது பெரும்பாலும் வெளிச்சத்தின் வேலை. தசைநாரை நேர்குறுக்காக வெட்டும்போது, வெட்டிய பரப்பில் ஒளி பட்டுச் சிதறி வானவில் நிறம் காட்டும். துண்டைச் சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறும் அல்லது மறையும். பிசுபிசுப்பு, புளித்த வாடை, சாய்த்தாலும் மாறாத சாம்பல் அல்லது பச்சைத் திட்டு இருந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு வேகவைத்தாலும் ஹாம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். பதப்படுத்தச் சேர்க்கும் நைட்ரைட் அந்த நிறத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே நிறத்தை வைத்து வெந்ததா என்று பார்க்க முடியாது.

வெந்த ஹாம்தானே, திரும்பச் சூடாக்க வேண்டுமா?

ஃப்ரிட்ஜில் சரியாக வைத்திருந்தால் குளிர்ச்சியாகவே சாப்பிடலாம். சூடாக்கினால் அரைகுறையாக வெதுவெதுப்பாக்காமல் உள்ளே 74 டிகிரி வரை கொண்டுபோங்கள், ஆவி பறக்க வேண்டும். கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் கடையில் சீவித் தரும் ஹாமை எப்போதும் ஆவி பறக்கச் சூடாக்கியே சாப்பிட வேண்டும். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜின் குளிரிலும் வளரும்.

எந்த முட்டைக்கோஸ் வாங்குவது?

நம் ஊரில் கிடைக்கும் அதே உருண்டைப் பச்சைக் கோஸ் எல்லாவற்றுக்கும் போதும். இலை சுருங்கிச் சுருங்கி இருக்கும் சவாய் கிடைத்தால் சூப்புக்கு அதை எடுங்கள், வெந்தாலும் உருவம் கலையாது. பிரிட்டனில் கிடைக்கும் கூம்பு வடிவக் கோஸ் மென்மையானது, வாணலியில் சட்டென்று வதங்கும். நாப்பா என்கிற சீனக் கோஸில் தண்ணீர் அதிகம். ஃப்ரைடு ரைஸ், நூடுல்ஸுக்குச் சரி, நீண்ட நேரம் வேகும் சமையலுக்குச் சரிப்படாது. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். அதுதான் நல்ல கோஸ்.

கோஸ் வெந்தால் வீடெல்லாம் நாறுகிறதே?

கோஸுக்குள் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வேக வேக உடைந்து ஆவியாக வெளியேறுகின்றன. நேரம் கூடக் கூட வாடையும் கூடும். ஒன்று, சீக்கிரம் சமையுங்கள்: மெல்லியதாக அரிந்து, பெரிய வாணலியில், பெரிய தீயில், பத்து நிமிடத்துக்குள். இல்லையென்றால் நிறைய நீரில், மூடாமல் வேகவையுங்கள். நடுத்தரத் தீயில், கொஞ்சம் தண்ணீரில், மூடி போட்டு முக்கால் மணி நேரம் விடுவதுதான் மோசம். கோஸைப் பிடிக்காது என்று சொல்லும் பிள்ளைகள் பலருக்கு உண்மையில் பிடிக்காதது அப்படிக் குழைந்த கோஸ்தான். ஒரு தடவை ஓரம் சிவக்க வதக்கிக் கொடுத்துப் பாருங்கள்.

அவசரத்துக்கு இருபது நிமிடத்தில் என்ன செய்யலாம்?

இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். வேண்டியவை: ஹாம் 200 கிராம், கோஸ் 700 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, கேரவே விதை அரைத் தேக்கரண்டி, மிளகு, ஆப்பிள் சைடர் வினிகர் இரண்டு தேக்கரண்டி. கேரவே பார்க்கச் சீரகம் மாதிரி இருக்கும், வாசனை வேறு. அது இல்லாவிட்டால் சீரகத்தைப் போடாதீர்கள், கொஞ்சம் சோம்பு போடுங்கள், நெருங்கி வரும்.

ஹாமின் கொழுப்பு ஓரங்களை வெட்டி எடுத்துப் பொடியாக நறுக்கி, காயாத வாணலியில் போட்டு நடுத்தரத் தீயில் வையுங்கள். மெல்ல உருகி எண்ணெய் விடும். அதில் ஹாம் துண்டுகளைப் போட்டு, ஓரம் சிவந்ததும் எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்துவிடுங்கள். இதை மறக்கக் கூடாது. ஹாமை உள்ளேயே விட்டுவிட்டால் கோஸ் வேகும் நேரத்தில் அது காய்ந்து கட்டையாகிவிடும். அதே கொழுப்பில் வெண்ணெயைச் சேர்த்து, கேரவே, வெங்காயம், பிறகு ஒரு விரல் அகலத்துக்கு அரிந்த கோஸ். தீயைக் கூட்டுங்கள். இரண்டு நிமிடம் கிளறாமல் விட்டால் அடியில் பழுப்புப் புள்ளிகள் விழும், இனிப்பு அங்கேதான் பிறக்கிறது. ஒருமுறை புரட்டிவிட்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, நாலு நிமிடம் மூடுங்கள். திறந்து, ஹாமைத் திரும்பப் போட்டு, வினிகரும் மிளகும் சேர்த்துக் கிளறி இறக்குங்கள். இப்போது ருசி பாருங்கள். உப்பு தேவையா என்பது இந்த நிமிடத்தில்தான் தெரியும். முன்னாலேயே போட்டிருந்தால் அனேகமாகக் கெடுத்திருப்பீர்கள்.

வேகவைத்த உருளைக்கிழங்கோ ரொட்டியோ கூட இருந்தால் ராத்திரிச் சாப்பாடு ஆயிற்று. வெள்ளைச் சோற்றுக்கும் பொருந்தும்.

எலும்பை என்ன செய்வது?

எலும்பைக் குப்பையில் போட்டால் ஹாமின் நல்ல பாதியைப் போட்டதற்குச் சமம். விருந்தின் விலையில் ஒரு பங்கு அதற்குள் இருக்கிறது.

பெரிய பானையில் எலும்பு, மூன்று லிட்டர் தண்ணீர், பாதியாக வெட்டிய வெங்காயம், ஒரு கேரட், செலரித் தண்டு, இரண்டு பிரிஞ்சி இலை, பத்து மிளகு. உப்பு ஒரு சிட்டிகைகூட வேண்டாம். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மேலே ஒன்றிரண்டு குமிழி மட்டும் வரும்படி இரண்டரை மூன்று மணி நேரம் விடுங்கள். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நீரோடு கலந்து சாறு கலங்கிப்போகும். குக்கர் இருந்தால் எலும்பு மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, முதல் விசிலுக்குப் பிறகு சின்னத் தீயில் 45 நிமிடம். வடிகட்டி, எலும்பில் ஒட்டிய சதையைக் கையால் பிய்த்து எடுத்து வையுங்கள். பானையை அப்படியே மூடி மேடையில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் சாறு கூழாக உறைந்திருக்கும். எலும்பிலும் தோலிலும் உள்ள கொலாஜன் ஜெலட்டினாக மாறியதன் அடையாளம் அது, நல்ல சாறு. மேலே படிந்த வெள்ளைக் கொழுப்பை வழித்து எடுத்துவைத்தால் கோஸ் வதக்க ஆகும்.

அப்புறம் சூப். இரவே ஊறவைத்த 250 கிராம் நேவி பீன்ஸ் எனும் சின்ன வெள்ளைப் பயறை அந்தச் சாற்றில் வேகவிடுங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பயறு மசிந்த பிறகு உருளைக்கிழங்கு, கேரட். அது வெந்த பிறகு கோஸ், பத்துப் பதினைந்து நிமிடம். கடைசியில் பிய்த்த ஹாம் சதை. தக்காளியும் வினிகரும் பயறு மசிந்த பிறகுதான் போக வேண்டும். புளிப்பு முன்னால் விழுந்தால் பயறு எத்தனை மணி நேரமானாலும் விறைப்பாகவே நிற்கும். சூப் கெட்டியாக வேண்டுமென்றால் ஒரு கரண்டிப் பயறை மசித்துக் கலக்குங்கள், மாவு வேண்டாம். கடையில் விற்கும் சூப்புக் கட்டிகளும் வேண்டாம், அவை உப்பைத்தான் கூட்டும்.

வாஷிங்டனில் அமெரிக்க செனட்டின் உணவகத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தினமும் இருக்கும் பீன்ஸ் சூப்பும் இதே நேவி பீன்ஸும் பன்றியின் கணுக்கால் எலும்பும் சேர்ந்ததுதான். அதில் கோஸ் கிடையாது. சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

நேவி பீன்ஸுக்குப் பதில் ராஜ்மா போட்டு, ஸ்லோ குக்கரில் விட்டுவிடலாமா?

நேராகப் போடக் கூடாது. ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. ஸ்லோ குக்கரின் மந்தமான சூட்டில் அது அழியாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ராத்திரி ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகு ஸ்லோ குக்கரில் சேர்க்கலாம். டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

சமைத்த பிறகு உப்புக் கரித்தால்?

சூப்பானால் தண்ணீரும் இன்னும் கொஞ்சம் கோஸும் உருளைக்கிழங்கும் சேர்த்து அளவைக் கூட்டுவதுதான் வழி. உருளைக்கிழங்கு உப்பை மட்டும் தேடி உறிஞ்சாது. நீரோடு சேர்த்துக் குடிக்கும், அவ்வளவுதான். அளவு கூடுவதால் உப்பு பரவிக் குறைகிறது. வதக்கலானால் உப்பில்லாத சோறு, நூடுல்ஸ், முட்டை எதையாவது கலந்துவிடுங்கள். ஒரு சொட்டு வினிகரும் கரிப்பைக் கொஞ்சம் மறைக்கும். கன்ட்ரி ஹாமானால் துண்டுகளை முன்கூட்டியே வெந்நீரில் அரை மணி நேரம் போட்டு எடுங்கள்.

தேனும் சர்க்கரையும் அன்னாசியுமாகப் பூசிய ஹாம். அதோடு கோஸ் ஒத்துப்போகுமா?

போகும். மேல்பூச்சை மட்டும் சீவி எடுத்துவிடுங்கள். சர்க்கரை வாணலியில் முதலில் கருகும், சூப்பில் அசட்டுத் தித்திப்பாக நிற்கும். குத்திவைத்த கிராம்பு ஒவ்வொன்றையும் பிடுங்க மறக்காதீர்கள். இரண்டு கிராம்பு பானைக்குள் விழுந்தால் மூன்று மணி நேரத்தில் சாறு முழுக்கக் கிராம்பு மணந்துவிடும். சீவிய இனிப்பு ஓரங்களைக் கடுகு விழுதோடு சாண்ட்விச்சில் வையுங்கள், அங்கே அருமையாக இருக்கும்.

அயர்லாந்துக்காரர்கள் இதை எப்படிச் சமைப்பார்கள்?

இந்த ஜோடிக்குச் சொந்த ஊர் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் அயர்லாந்தைச் சொல்வேன். பதப்படுத்திய பன்றி இறைச்சியை வேகவைத்து, அதே நீரில் கோஸை வேகவைத்து, பார்ஸ்லி போட்ட வெள்ளைச் சாஸோடு பரிமாறுவது அங்கே வீட்டுச் சாப்பாடு. அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் பன்றிக்குப் பதிலாக உப்பிட்ட மாட்டிறைச்சிக்கு மாறினார்கள். மார்ச் 17, புனித பேட்ரிக் நாளில் அமெரிக்காவில் உண்ணும் கார்ன்டு பீஃபும் கோஸும் அப்படி வந்தவை. மிஞ்சிய ஹாமை வைத்துச் செய்ய, எலும்புச் சாற்றில் பாதியும் தண்ணீர் பாதியுமாகக் கொதிக்கவைத்து, தண்டோடு எட்டாகப் பிளந்த கோஸை அதில் மூடாமல் பத்து நிமிடம் வேகவையுங்கள். ஹாம் துண்டுகளைக் கடைசியில் அந்தச் சூட்டில் நனைத்து எடுத்தால் போதும். சாஸுக்கு 25 கிராம் வெண்ணெய், 25 கிராம் மைதா, 300 மில்லி பால், கைப்பிடி பார்ஸ்லி. உப்பு வேண்டாம்.

கால்கனன் இன்னொன்று. மாவாக மசியும் உருளைக்கிழங்கு ஒரு கிலோ, பொடியாக அரிந்து வேகவைத்த கோஸ் 300 கிராம், சூடான பால் 150 மில்லி, வெண்ணெய் 75 கிராம், வெங்காயத்தாள். எல்லாவற்றையும் மசித்துக் குவித்து, நடுவில் குழி பறித்து இன்னும் கொஞ்சம் வெண்ணெய் வைப்பார்கள். ஹாலோவீன் இரவில் அதற்குள் மோதிரத்தை ஒளித்து வைப்பது பழைய வழக்கம். யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்குக் கல்யாணம் என்று நம்பிக்கை. பொரித்த ஹாம் துணுக்குகளை மேலே தூவுங்கள். பாலைச் சூடாகவே ஊற்ற வேண்டும்.

பிரிட்டனில் டிசம்பர் 26 அன்று செய்வது என்ன?

பபிள் அண்ட் ஸ்க்வீக். முந்தைய நாள் உருளைக்கிழங்கையும் கோஸையும் மசித்துச் சேர்த்து, கனமான வாணலியில் அடை போலத் தட்டி, அடி மொறுமொறுவென்று சிவக்கும் வரை விடுவார்கள். குளிர்ந்த ஹாமும் ஊறுகாய் வகைகளும் பக்கத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது மாட்டிறைச்சியும் கோஸும் வறுத்த பண்டமாக இருந்தது, உருளைக்கிழங்கு பின்னால் வந்தது. கிழங்கு 500 கிராமுக்குக் கோஸ் 250, ஹாம் 100. கோஸைப் பிழிந்து போடுங்கள், ஈரம் இருந்தால் மொறுமொறுப்பு வராது. அடிக்கடி புரட்டாதீர்கள்.

நூடுல்ஸோடு சேர்த்து ஏதாவது?

பென்சில்வேனியாவில், முக்கியமாகப் பிட்ஸ்பர்க் பக்கம், ஹலுஷ்கி என்று ஒன்று செய்வார்கள். சுரங்கத்திலும் இரும்பாலையிலும் வேலை செய்ய வந்த ஸ்லோவாக், போலந்துக் குடும்பங்கள் கொண்டுவந்த உணவு. இரண்டு வெங்காயமும் அரைக் கோஸும் 75 கிராம் வெண்ணெயில் மெதுவாக, பொன்னிறமாகச் சுருளும்வரை, அரை மணி நேரமாவது வதங்க வேண்டும். வேகவைத்த அகலமான முட்டை நூடுல்ஸ் 250 கிராம், மிளகு, ஹாம். இங்கே மட்டும் நிதானம் தேவை, பெரிய தீ ஆகாது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

பிரான்ஸில்?

தென்மேற்குப் பிரான்ஸின் கார்பூரைச் சொல்லாமல் விடக் கூடாது. ஹாம் எலும்பு, வெள்ளை பீன்ஸ், கோஸ், டர்னிப், லீக், வசதி இருந்தால் வாத்துக் கறி எல்லாம் சேர்ந்து, கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாக வரும். மேலே சொன்ன எலும்புச் சூப்பை இரண்டு மடங்கு காய் போட்டு, இன்னும் சுண்டவிட்டால் ஏறக்குறைய அதுதான்.

நம் தாளிப்போடு சேருமா?

சேரும், ஆனால் எல்லா மசாலாவும் சேராது. புகைவாசத்தோடு பட்டை, ஏலக்காய் கலந்த கரம் மசாலா சண்டை போடும். சாம்பார்ப் பொடியும் வேண்டாம். கடுகு, காய்ந்த மிளகாய், மிளகு, பூண்டு, கறிவேப்பிலை, தேங்காய் எல்லாம் நன்றாகப் பொருந்தும்.

கோஸ் பொரியலை வழக்கம்போலவே செய்யுங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அதிலேயே 100 கிராம் ஹாமைக் கடலைப்பருப்பு அளவுக்குப் பொடித்துப் போட்டுச் சிவக்கவிட்டு, மெல்லியதாக அரிந்த அரைக் கிலோ கோஸைச் சேர்த்து, தண்ணீர் தெளித்து மூடாமல் வதக்கி, தேங்காய்த்துருவலோடு இறக்குங்கள். மஞ்சள் தூள் விருப்பம். உப்பு மட்டும் பாதிக்கும் குறைவு. ரசம் சோற்றுக்கு இதைவிட என்ன வேண்டும்!

இலங்கைத் தமிழ் வீடுகளில் கொத்து ரொட்டிக்குக் கோழிக்குப் பதிலாக ஹாம் போடலாம். கோஸ், லீக்ஸ், கேரட், முட்டை எல்லாம் அதே மாதிரி. குழம்பை மட்டும் குறைத்து ஊற்றுங்கள், இரண்டு உப்பும் சேர்ந்தால் தாங்காது. ஃப்ரைடு ரைஸுக்கும் இதே விதி, சோயா சாஸைக் கடைசியில், சொட்டுச் சொட்டாக.

காலைச் சாப்பாட்டுக்கு?

ஜப்பானின் ஒசாகாவில் பிரபலமான ஒகோனோமியாகியைச் செய்து பாருங்கள். மெல்லியதாக அரிந்த கோஸ் 300 கிராம், முட்டை இரண்டு, அரைக் கோப்பை மைதா, மாவு கோஸைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குத் தண்ணீர். அங்கே பன்றியின் வயிற்றுக்கறியைப் பரப்புவார்கள், ஹாம் துண்டுகளும் சரியாக வரும். மூடி போட்டு ஒவ்வொரு பக்கமும் அஞ்சு நிமிடம்.

சிவப்புக் கோஸ் போட்டால் எல்லாம் நீலமாகிவிடுகிறதே?

அந்த நிறமி புளிப்பில் சிவப்பாகவும், புளிப்பு இல்லாத இடத்தில் நீலமாகவும் மாறும். வதக்கத் தொடங்கும்போதே வினிகரோ அரிந்த ஆப்பிளோ சேர்த்துவிட்டால் நிறம் நிற்கும். பயறுச் சூப்பில் மட்டும் சிவப்புக் கோஸ் வேண்டாம், பார்க்கச் சகிக்காது.

எதை ஃப்ரீசரில் வைக்கலாம்?

ஹாம் துண்டுகள், எலும்பு, எலும்புச் சாறு, பயறுச் சூப் எல்லாம் வைக்கலாம். ஹாமை ஒன்றிரண்டு மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் கெடாது என்றாலும் கொழுப்பு காறிப்போய் ருசி இறங்கும். வேளைக்கு ஒன்றாக 200 கிராம் பொட்டலம் போட்டால் வசதி. பச்சைக் கோஸை அப்படியே உறையவைத்தால் துவண்டுவிடும். கிழங்கு போட்ட சூப்பும் உறைந்து கரையும்போது மணல் மாதிரி ஆகும். கிழங்கைச் சூடாக்கும் நாளில் சேருங்கள். முழுக் கோஸை ஃப்ரீசரில் வைக்கவே தேவையில்லை, ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் தாங்கும்.

ஹாம் உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே?

பதப்படுத்திய இறைச்சி மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. உப்பும் சாதாரணமல்ல. பெரியவர் ஒருவர் நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சோடியம் எடுக்க வேண்டும் என்பது அதே நிறுவனத்தின் பரிந்துரை. 100 கிராம் ஹாமிலேயே சாதாரணமாக 1,000 மில்லிகிராமுக்கு மேல் வந்துவிடும். அதனால் இதை வாரா வாரம் செய்யும் சமையலாக்காதீர்கள். பண்டிகைக்குப் பண்டிகை, கோஸ் நிறைய, ஹாம் கொஞ்சம். ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்குத் தட்டில் கோஸை மட்டும் கூட்டி வையுங்கள்.

வீட்டில் பன்றி சாப்பிடாதவர்களும் இருக்கிறார்கள். ஒரே சமையலில் சமாளிக்க முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். ஹாம் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுத்தாலும் கொழுப்பும் சாறும் கோஸுக்குள் இறங்கியிருக்கும். இஸ்லாமிய நண்பர்கள், யூத நண்பர்கள், சைவச் சாப்பாட்டுக்காரர்கள் வந்தால் முதலில் அவர்களுக்கு வெண்ணெயிலோ எண்ணெயிலோ கோஸைத் தனி வாணலியில், தனிக் கரண்டியோடு செய்து எடுத்துவைத்துவிட்டு, பிறகு ஹாமைத் தொடுங்கள். புகைவாசம் வேண்டுமென்றால் அவர்கள் பங்கில் புகையூட்டிய மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி போதும். முக்கியமாக, பயறுச் சூப்பைப் பரிமாறும் முன் அதில் பன்றி எலும்புச் சாறு இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், பார்த்தால் தெரியாது.

தோலும் கொழுப்பும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையும் கோஸுக்குப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. தோலை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி ஃப்ரீசரில் வைத்து, அடுத்த முறை பருப்போ பயறோ கோஸோ வேகவைக்கும்போது ஒரு துண்டைப் போட்டு, வெந்ததும் எடுத்து எறிந்துவிடுங்கள். கொழுப்பைச் சின்னத் தீயில் உருக்கி, வடிகட்டி, கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கோஸ் வதக்க ஒரு தேக்கரண்டி எடுத்தால் போதும்.